புரட்டுக்களம்: ஒரு பிழைதிருத்தம்

1

இக்கதை ஒரு படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பிறந்தது. கட்டத்தின் தலைப்பு ‘காரணம்’. தலைப்பின் கீழே, ‘ஒரே வாக்கியத்தில், தம் கைப்பட எழுதுக’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தை எழுத இயலாத ஒருவர், அதற்குப் பதிலாக ஒரு கதையை எழுதிவிடலாம் என்று துணிந்தார். வாசகர் கையில் இருப்பது அக்கதை.

படிவம் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்விப் பிரிவுக்குரியது. பல்கலைக்கழகத்தின் பெயர் கதைக்கு வேண்டியதில்லை. அதன் சுற்றறிக்கைகளில் வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுவதில்லை என்பது மட்டும் தெரிந்தாற் போதும். படிவம் நாளை, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள், அட்டன் அஞ்சலகத்தில் சேர்ந்தாக வேண்டும். இன்று ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. ஆண்டு 2003, மாதம் கார்த்திகை.

படிவத்தை நிரப்ப வேண்டியவர் பெயர் முத்துலிங்கம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, அட்டன் நகரப் பாடசாலையொன்றில் இருபத்தாறு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவர். ஓய்வுக்குப் பின்னர், அதே நகரில் அப்பல்கலைக்கழகம் நடத்தும் கற்கை நிலையத்தில் பகுதிநேரப் போதனாசிரியராக இருக்கிறார். கண்டிப்பானவர். அவரை நான் நன்கு அறிவேன். அவர் என்னால் புனையப்பட்ட பாத்திரம் என்பதை வாசகர் தொடக்கத்திலேயே நம்பிவிடுவது எங்கள் இருவருக்கும் நல்லது.

(‘புனையப்பட்ட’ என்பது செயப்பாட்டுவினை. இக்கதையில் செயப்பாட்டுவினை சற்று மிகுதியாகவே வரும். ஏன் என்பது பின்னர் விளங்கும்.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: ‘அன்று அட்டன் நகரில் மழை பெய்துகொண்டிருந்தது.’ வெட்டிவிட்டேன். அட்டனில் மழை பெய்யாத நாளைத்தான் தனியே குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது: ‘முத்துலிங்கம் ஆசிரியர் தம் வாழ்நாளில் ஓர் எழுத்துப்பிழைகூட—’ இவ்வாக்கியம் முடிவடையவில்லை. வெட்டவும் மனமில்லை. அங்கேயே கிடக்கட்டும்.

மூன்றாவது: ‘ஏழு ஒப்படைகள். ஏழு கையெழுத்துகள். ஒரு சொல்.’ இது விறுவிறுப்பாக இருக்கிறது. வினைமுற்று இல்லாமல் வாக்கியம் எழுதுவது இக்காலத்து நாகரிகம்; எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயினும் வாசகர் அவசரக்காரர். இதனையே வைத்துக்கொள்கிறேன்.

ஒப்படை என்பது மாணவர் வீட்டிலிருந்தே எழுதிப் பல்கலைக்கழகத்திடம் கொடுக்கும் கட்டுரை. நல்ல சொல். ஒப்படைத்தல் என்றால் ஒரு பொருளை அதற்குரியவர் கையில் கொடுத்தல். கொடுக்கும் பொருள் கொடுப்பவருடையதுதானா என்பதைச் சொல் சொல்வதில்லை. தொலைக்கல்வியின் தொல்லைகள் யாவும் அந்த இடைவெளியில் குடியிருக்கின்றன.

வகுப்பறையில் பார்த்து எழுதுபவனை நான் கழுத்தின் சாய்வைக் கொண்டே பிடித்துவிடுவேன். (நான் என்றால் முத்துலிங்கம். கதையைச் சொல்பவன் தன் பாத்திரத்தோடு ஒன்றிப்போவது இயல்பு.) தொலைக்கல்வியில் கழுத்து இல்லை. மாணவர்கள் கந்தப்பளையிலும் பூண்டுலோயாவிலும் கினிகத்தேனையிலும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் கற்பித்துக்கொண்டே படிப்பவர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நிலையத்துக்கு வருவார்கள். ஏனைய நாட்களில் அவர்கள் வெறும் கையெழுத்துகள்.

இதனைத் தடுப்பதற்காகப் பல்கலைக்கழகம் ‘ஒப்படைகளில் நேர்மையைப் பேணல்’ என்னும் சுற்றறிக்கையை வெளியிட்டது. அதில் மூன்று விதிகள். ஒப்படையைக் கையால் எழுத வேண்டும். பார்த்து எழுதுபவருக்குக் கையாவது நோகட்டும் என்பது நோக்கமாக இருக்கலாம். இறுதியில் ‘இவ்வொப்படை எனது சொந்த ஆக்கமே என உறுதிகூறுகிறேன்’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். இந்த உறுதிமொழியைத்தான் எல்லாரும் ஒரு பிழையுமில்லாமல் பார்த்து எழுதுகிறார்கள்.

மூன்றாம் விதியை முன்மொழிந்தவர் முத்துலிங்கம். சரியான விடை எல்லாருக்கும் பொது. பிழையே ஒவ்வொருவருக்கும் சொந்தம் என்பது அவருடைய கொள்கை. ஆகவே ஒரே பிழை மூன்று ஒப்படைகளில் காணப்படின் அவை பார்த்து எழுதப்பட்டவை. எழுதியவர்களுக்கு மூன்றாண்டுத் தடை. தலைமையகம் அதனை ஏற்றுக்கொண்டு அவருக்குப் பாராட்டுக் கடிதமும் அனுப்பியது. கடிதத்தில் ‘வாழ்த்துக்கள்’ என்று இருந்தது. அவர் அந்தக் ‘க்’கைச் சிவப்பு மையால் வெட்டிக் கோப்பில் இட்டார்.

“என்னப்பா, உந்தப் படிவம் இன்னும் எழுதி முடியேல்லையோ?” என்று அடுப்படியிலிருந்து கனகாம்பிகை கேட்கிறாள். “தேத்தண்ணி ஆறுது.”

(கனகாம்பிகை முத்துலிங்கத்தின் மனைவி. அவள் ஏன் என் அடுப்படியில் நிற்கிறாள் என்று வாசகர் கேட்கலாம். கேட்காமலும் இருக்கலாம்.)

3

கேள்வி இது: ‘பெருந்தோட்டத் தொழிலாளி ஒருவரின் வேலைநாள் ஒழுங்கமைக்கப்படும் முறையை விவரிக்க.’ இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரும் இதே கேள்விதான் வந்தது. கேள்வியை மாற்றாமலே விடை மாறவேண்டும் என எதிர்பார்க்கும் நிறுவனத்தைப் பற்றி நான் இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். வாசகருக்கு இரத்த அழுத்தம் இருக்கக்கூடும்.

முத்துலிங்கம் ஐப்பசியில் ஒப்படைகளைத் திருத்தத் தொடங்கினார். பதினோராவது தாளில் ஒரு வாக்கியம் அவரை நிறுத்தியது.

‘தொழிலாளர் அதிகாலையில் புரட்டுக்களத்தில் கூடுவர்.’

புரட்டு என்றால் வஞ்சகம். வஞ்சகம் நடைபெறும் களத்தில் தொழிலாளர் ஏன் அதிகாலையிலேயே கூட வேண்டும்? அவர் தாளைத் தூக்கிக்கொண்டு நிலையத்தின் எழுதுநர் பிரதாப்பிடம் போனார். பிரதாப் தோட்டத்துப் பிள்ளை. தற்காலிக நியமனத்தில் இருப்பவன். வாய் மட்டும் நிரந்தரம்.

பிரதாப் வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“புரட்டுக்களமா! சார், அது பெரட்டு சார். பெரட்டுக்களம். காலைல ஆளுங்க கூடுற எடம். கண்டாக்கு, அதான் மேல நின்னு வேல வாங்குறவரு, பேரு கூப்புட்டு, இன்னாரு இந்த மலைக்குன்னு பிரிச்சு விடுவாரு. லேட்டாப் போனா அன்னைக்குப் பேரு இல்ல, திரும்பி லயத்து வீட்டுக்குத்தான்.”

“பெரட்டோ? அகராதியில இல்லாத சொல்லல்லோ.”

“அகராதில இல்லாட்டியும் தோட்டத்துல இருக்கு சார். தெனமும் காலைல இருக்கு.”

அன்று மாலைக்குள் ‘புரட்டுக்களம்’ ஏழு தாள்களில் அகப்பட்டது. முத்துலிங்கத்தின் மகிழ்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை. அவருடைய மூன்றாம் விதி முதன்முறையாகப் பயன்படுகிறது! அவர் அறிக்கை எழுதினார். அதிலிருந்து ஒரு பகுதியை மாற்றமின்றித் தருகிறேன். கதையில் இதைவிட நல்ல உரைநடை வரப்போவதில்லை:

‘தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவரும் இப்பிழையைத் தாமாக விடமாட்டார். ஆனால் ஏழு பேர் விட்டுள்ளனர். எனவே மூலப்பிரதியில் இப்பிழையைப் புகுத்தியவர் தோட்டங்களை அறியாதவர். ஒரு நாளேனும் அவற்றுக்குள் காலடி வைக்காதவர். அகராதியை மட்டும் நம்பிப் பிறர் மொழியில் கைவைக்கும் அரைகுறைப் படிப்பாளி. அவரைக் கண்டறிந்து தண்டிப்பது பல்கலைக்கழகத்தின் கடமை.’

அறிக்கையோடு ஏழு பெயர்கள் போயின. பதிவாளரிடமிருந்து பதில் வந்தது: எழுவரையும் விசாரிக்க; எவருடைய பெயரையேனும் நீக்குவதாயின் இணைத்துள்ள படிவத்தில் காரணம் குறிப்பிடுக; திங்கட்கிழமைக்குள் அனுப்புக.

4

விசாரணை நேற்றுக் காலை நடந்தது. முத்துலிங்கம் மேசைக்குப் பின்னால். பிரதாப் குறிப்பெடுக்கும் கொப்பியோடு பக்கத்தில்.

முதலில் வந்தவர் கினிகத்தேனையைச் சேர்ந்த செல்லசாமி. அவருடைய தாளில் மற்றவர்களிடம் இல்லாத ஓர் அழகு இருந்தது. ‘தொழிலாளர் அதிகாலையில் புரட்டுக்களத்தில் கூடுவர். எழுவாய் எங்கே? அங்கே பெயர் பதிந்த பின்னர் மலைகளுக்கு அனுப்பப்படுவர்.’ நடுவில் நிற்கும் வினாவை முத்துலிங்கம் வெகுவாக இரசித்து, ஓரத்தில் ‘நன்று’ என்றுகூட எழுதியிருந்தார். வாக்கியத்தில் செயலைச் செய்பவரைக் குறிக்கும் சொல் எழுவாய். ‘எழுந்திருப்பாய்’ என்பதும் எழுவாய். இரு பொருளும் பொருந்துகின்றன அல்லவா?

“இந்த வரி உம்முடைய சொந்த வரியோ?” என்று கேட்டார்.

செல்லசாமி தலையைச் சொறிந்தார். “இல்ல சார். அந்தப் போட்டோ கொப்பில இருந்திச்சு. தொழிலாளிய எந்திரிக்கச் சொல்றாங்கன்னு நெனச்சு எழுதினேன். நல்லா வேற இருந்திச்சு.”

“எந்தப் போட்டோ கொப்பி?”

“பஸ் ஸ்டாண்டு கடைல ஒன்னு சுத்திக்கிட்டு இருந்திச்சு சார். பழைய ஒப்படை. முன்பக்கம் இல்ல. எல்லாரும் அதப் பார்த்துத்தான்…” அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவருக்குப் பின்னர் வந்த ஐவரும் அதே வாக்கியத்தை அதே இடத்தில் முடிக்காமல் விட்டார்கள். அதையும் பார்த்து எழுதியிருப்பார்கள் போலும்.

(பேருந்து நிலையத்துக் கடையின் பலகையில் ‘போட்டோ கொப்பி எடுக்கபடும்’ என்று இருக்கிறது. விடுபட்ட ‘ப்’புக்காக முத்துலிங்கம் கடைக்காரரோடு மூன்று ஆண்டுகளாகப் போராடுகிறார். ‘யாரால் எடுக்கப்படும்?’ என்பதைப் பலகை சொல்லவில்லை. அதைப் பற்றி அவர் ஒருபோதும் கேட்டதில்லை.)

ஏழாவதாக வந்தவள் ஜெயந்தினி. (செயந்தினி என்று எழுதவே எனக்கு விருப்பம். படிவத்தில் உள்ளபடி எழுத வேண்டும் என்பது விதி.) பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அங்குள்ள பாடசாலையில் தொண்டர் ஆசிரியை; அதாவது, நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கையில் நியமனமில்லாமல் கற்பிப்பவள். குடையை வெளியே சாய்த்துவிட்டு வந்து, உட்காரச் சொல்லும்வரை நின்றாள்.

“இரும், பிள்ளை. நீர் ஆரைப் பாத்து எழுதினீர்?”

“என்னையப் பார்த்துத்தான் சார்.”

“விளையாடாதேயும்.”

“வெளயாடல சார்.” அவள் பொலித்தீன் பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து மேசைமீது வைத்தாள். “இது ரெண்டாயிரத்தி ஒன்னுல நான் எழுதினது. நீலம் என்னோடது. செவப்பு ஒங்களோடது.”

முத்துலிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நீல மையில், வட்டமான எழுத்தில், ‘பெரட்டுக்களம்’ என்று இருந்தது. ‘பெ’ சிவப்பால் வெட்டப்பட்டு, மேலே ‘பு’ எழுதப்பட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் மறுபடியும். ஆறு இடங்கள். ஓரிடத்தில், ‘அங்கே பெயர் பதிந்த பின்னர் மலைகளுக்கு அனுப்பப்படுவர்’ என்ற வரிக்கு மேலே, சிவப்பில், அழகிய சாய்ந்த கையெழுத்தில்—

எழுவாய் எங்கே?

போட்டோ கொப்பியில் நீலமும் கறுப்பு, சிவப்பும் கறுப்பு. மாணவியின் சொல் எது, திருத்தியவரின் சொல் எது என்று எவராலும் பிரித்துக் காண இயலாது. எல்லாம் ஒருவரே எழுதியதாகத் தெரியும்.

பிரதாப் குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தான்.

“இது எப்பிடி வெளியில போனது?” என்று முத்துலிங்கம் கேட்டார். குரல் அவருடையது போல இல்லை.

“நம்ம வராந்தாப் பெட்டில கெடந்திருக்கும் சார்,” என்றான் பிரதாப். “திருத்தின பேப்பரெல்லாம் அதுலதானே போடுறோம். இவங்க வந்து எடுக்க ரெண்டு மாசமாச்சு, அதுக்குள்ள யாரோ எடுத்துக் கொப்பி அடிச்சிருப்பாங்க.”

“லீவு கெடைக்கல சார்,” என்றாள் ஜெயந்தினி.

“சரி. பெரட்டுத்தான் சரியெண்டு உமக்குத் தெரியுந்தானே. பிறகேன் இந்த வருசம் புரட்டெண்டு எழுதினீர்?”

“நீங்க திருத்தினீங்களே சார். ஆறு எடம், எடத்துக்கு அரைப் புள்ளி. முப்பத்தெட்டு போட்டீங்க. நாப்பது எடுத்தாத்தான் பாஸ். இந்த வருசமும் அதே கேள்வி வந்திச்சு. சார் சொன்ன மாதிரியே எழுதிட்டா வெட்ட மாட்டாருன்னு எழுதினேன்.”

“அது பிழையெண்டு நீர் எனக்கு அறிவிச்சிருக்கலாமே?”

“கடிதம் போட்டேன் சார்.” அவள் பைக்குள் கையை விட்டாள், பிறகு என்ன நினைத்தாளோ, எடுக்காமலே விட்டாள். “அதுலயும் ரெண்டு எடத்துல செவப்பு போட்டுத் திருப்பி அனுப்பினீங்க.”

பிரதாப்புக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினான்.

“எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன் சார். ராக்காயின்னு பேரு. முப்பது வருசமா கொழுந்து எடுக்குறவங்க. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ‘ஒங்க சாரு சரியாத்தான்டி எழுதியிருக்காரு. அங்க நடக்குறது அதுதானே’ன்னாங்க.”

அவள் சிரிக்கவில்லை. “சார், இருபத்தெட்டாந் தேதி நுவரெலியாவுல நேர்முகம். இந்தப் பாடம் பாஸுன்னு கடிதம் கொண்டு போனா நிரந்தரமாக்குவாங்க. இல்லாட்டி அந்த எடத்துக்கு வேற ஆளு போட்டுருவாங்க. நாலு வருசமாக் கெடக்கிறேன் சார்.”

5

பிழைதிருத்தம்

மேலே ‘முத்துலிங்கம்’ என்று வரும் இடங்களில் எல்லாம் ‘நான்’ என்று திருத்தி வாசிக்க.

வாசகர் இதனை இரண்டாம் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பார். கனகாம்பிகை அதற்கும் முன்னரே கண்டுபிடித்துவிட்டாள். சற்று முன்னர் தேநீரைக் கொண்டுவந்தவள், தோளுக்கு மேலால் எட்டி இரண்டு பக்கங்களை வாசித்துவிட்டு, “உந்த முத்துலிங்கம் ஆர்? இரவைக்கு அவருக்கும் சேத்துச் சமைக்கோணுமோ?” என்று கேட்டாள்.

அந்தச் சிவப்பு ‘பு’வை எழுதிய நாள் எனக்கு நினைவில் இல்லை என்று எழுதத் தொடங்கினேன். அது பொய். நன்றாக நினைவிருக்கிறது. அகராதியை எடுத்தேன். பெரட்டு இல்லை. புரட்டு இருந்தது. புரட்டுதல் என்றால் கீழ் மேலாகத் திருப்புதல். ஆகா, பறித்த கொழுந்தைப் புரட்டிப் போட்டு உலர்த்தும் களம் போலும், பிள்ளைக்கு எழுத்துக் குழம்பிவிட்டது என்று முடிவுகட்டினேன். என் மதிநுட்பத்தை நானே மெச்சி, அந்த விளக்கத்தைக் கனகாம்பிகைக்கும் சொன்னேன். இருபத்தாறு ஆண்டுகள் இந்த மலையில் சம்பளம் வாங்கியவன். என் வீட்டு யன்னலைத் திறந்தால் தேயிலை தெரியும். அதற்குள் விடியற்காலையில் என்ன நடக்கிறது என்று அறிய அகராதியைப் புரட்டியவன்.

(‘புரட்டியவன்’ என்ற சொல் தானாக வந்து விழுந்தது. திருத்தவில்லை.)

என் கொள்கை மட்டும் பழுதில்லாமல் நிற்கிறது. பிழையே ஒருவருக்குச் சொந்தம். ஏழு தாள்களில் இருந்த ஒரே பிழையின் சொந்தக்காரரை என் விதி பிசகாமல் கண்டுபிடித்துவிட்டது. தோட்டங்களை அறியாதவர், அகராதியை மட்டும் நம்புபவர், அரைகுறை. அறிக்கையின் நடையைப் பற்றி நான் முன்னர் பெருமைப்பட்டதை வாசகர் மறந்துவிடுவாராக.

6

இனி முடிவுகள். மூன்று இருக்கின்றன.

முதலாம் முடிவு. கட்டம் வெறுமையாகவே போகிறது. ஏழு பெயர்களும் பட்டியலில் நிற்கின்றன. செல்லசாமி முதலிய அறுவருக்காக எனக்குக் கண்ணீர் இல்லை. அவர்கள் பார்த்து எழுதினார்கள், அதுவும் புரியாமல் எழுதினார்கள். ஜெயந்தினி தன்னைத் தானே பார்த்து எழுதிய குற்றத்துக்காக மூன்று ஆண்டுகள் தடைசெய்யப்படுகிறாள். இருபத்தெட்டாம் தேதி அவளுடைய இடத்துக்கு வேறோர் ஆள் வருகிறார். இம்முடிவில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை.

இரண்டாம் முடிவை எனக்குச் சொல்லித் தந்தவன் பிரதாப். நேற்று எல்லாரும் போன பின்னர் நிலையத்தைப் பூட்டிக்கொண்டே சொன்னான்:

“‘அலுவலகத் தவறு நிகழ்ந்துள்ளது’ன்னு போட்டு விடுங்க சார். அஞ்சு சொல்லுகூட இல்ல. யாரு பேரும் வராது.”

“அலுவலகம் எண்டால் ஆர்? நீயும் நானுந்தானே.”

“கேட்டா எம்மேல போட்டுக்குங்க சார். பெட்டிய வெளியில வச்சது நான்தானே. வேல போனா போவுது, நமக்கு என்ன புதுசா?” அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பை ஏற்றுக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

‘அலுவலகத் தவறு நிகழ்ந்துள்ளது.’ அழகான வாக்கியம். தவறு எழுவாயாக நிற்கிறது, தானே நிகழ்ந்துகொண்டது. மழையைப் போல. ஜெயந்தினியின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். தடை இராது. ஆனால் அவள் தேறவும் மாட்டாள். ஒருமுறை புள்ளியிடப்பட்ட ஒப்படையை மறுமுறை ஏற்பதில்லை என்பது விதி. ஆகவே இந்த ஆண்டுத் தாள் செல்லாது. பழைய தாளின் முப்பத்தெட்டே அவளுக்கு எஞ்சும். நேர்முகத்துக்கு அவள் குற்றமற்றவளாகவும் கடிதமற்றவளாகவும் போவாள்.

மூன்றாம் முடிவு. பழைய தாளில் நான் குறைத்த மூன்று புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தால் நாற்பத்தொன்று. தேறிவிடுவாள். அதற்கான கடிதம் ஒரு கிழமைக்குள் வந்துவிடும். ஆனால் புள்ளியைத் திருத்துவதற்குக் காரணம் எழுத வேண்டும். பதிவாளர் அதனை வாசிப்பார். என் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து வாசிப்பார். வல்லினம் மிகாத கையால் எனக்கொரு கடிதம் எழுதுவார். அதுகூடப் பரவாயில்லை. நான்கு ஆண்டுகளில் நான் திருத்திய ஒப்படைகள் அறுநூற்றுக்கு மேல். என் சிவப்பு மை வேறு எத்தனை சொற்களின்மீது நடந்திருக்கிறது? அவற்றை எழுதியவர்கள் எனக்குக் கடிதம் போட்டார்களா? போட்ட கடிதங்களில் நான் என்ன செய்தேன்? அவை எல்லாவற்றையும் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். அவர்களுடைய இடத்தில் இருந்தால் நானே முதலில் சொல்லியிருப்பேன், சிவப்பு மையால்.

இக்கதையை அனுப்பிவிட்டுப் படிவத்தை அனுப்பாமல் விடலாமா என்றும் ஒரு கணம் எண்ணினேன். கதையில்தான் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டேனே! ஆனால் கதையின் அடியில், ‘இவை யாவும் கற்பனையே’ என்று ஒரு வரியை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம். படிவத்தில் அதற்கு இடமில்லை. பதிவாளர் கதைகளுக்குப் புள்ளி கொடுப்பதுமில்லை.

“ஒரு வரி எழுதக் குந்தின மனுசன் ஒரு கொப்பியையே முடிச்சுப்போட்டார்,” என்கிறாள் கனகாம்பிகை, இம்முறை எனக்குக் கேட்கவேண்டும் என்றல்லாமல், சுவருக்குச் சொல்வது போல. “அந்தப் பிள்ளை விடியப்புறம் எழும்பிப் பள்ளிக்கூடம் போகும்.”

7

இதுவரை படிவத்துக்காக எழுதி வெட்டிய வாக்கியங்கள்:

‘தவறான திருத்தம் ஒன்று இடம்பெற்றுள்ளது.’ எழுவாய் திருத்தம்.

‘2001இல் சொல்லொன்று பிழையாகத் திருத்தப்பட்டமையால்…’ திருத்தியவர் இல்லை.

‘போதனாசிரியரின் கவனக்குறைவு காரணமாக…’ யாரோ ஒரு போதனாசிரியர். முத்துலிங்கமாக இருக்கலாம்.

ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு குறிப்பை எழுதுவதற்கு என் கை தானாகப் போகிறது. அக்குறிப்பு எது என்று வாசகருக்குத் தெரியும். செல்லசாமிக்கும் தெரியும்.

தமிழில் எழுவாயை ஒளிக்க முடியாது என்று யாழ்ப்பாணத்திலும் இங்குமாக நாற்பது ஆண்டுகள் கற்பித்தேன். ‘நான்’ என்று எழுதாவிட்டாலும் வினைமுற்றின் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். தோன்றா எழுவாய் என்று அதற்குப் பெயர். அந்த உறுதிமொழியைப் பாருங்கள்: ‘உறுதிகூறுகிறேன்’. ஏழு பேரும் எழுதியிருக்கிறார்கள். அவ்விகுதிக்கு உரிய உண்மையோடு எழுதியவள் ஒருத்தி.

இப்போது படிவத்தில் எழுதியிருக்கிறேன். வெட்டவில்லை. வாக்கியம் முழுவதும் ஆயிற்று. கடைசிச் சொல்லில் பகுதியும் வந்துவிட்டது, காலங்காட்டும் இடைநிலையும் வந்துவிட்டது. விகுதி ஒன்றே பாக்கி. ‘ஆர்’ என்று போட்டால் அது கதை. தன்மை ஒருமைக்குரிய விகுதி ‘ஏன்’. அதே ஈரெழுத்து வினாச்சொல்லும் ஆகும். கட்டத்தின் தலைப்பு கேட்பதும் அதனைத்தான். இலக்கணம் இவ்வளவு குறும்பானது என்று எனக்கு எவரும் கற்பிக்கவில்லை.

மேசைமேல் நீலப் பேனா இருக்கிறது. அஞ்சலகம் காலை ஒன்பது மணிக்குப் பையைக் கட்டுகிறது. கதைக்கு முடிவு எழுதுவது என் வேலையன்று. அதனை வாசகரிடம் ஒப்படைக்கிறேன். இச்சொல்லின் விகுதியையும் கவனிக்க.

காரணம்: ‘செல்வி ஜெயந்தினி 2001ஆம் ஆண்டு ஒப்படையில் சரியாக எழுதியிருந்த பெரட்டு என்னும் சொல்லை, அதன் பொருள் அறியாது, ஆறு இடங்களில் புரட்டு எனப் பிழையாகத் திருத்தின்____